பக்கத்து அறையிலிருந்து கேட்ட எண்கள்

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் மனிஷா துறை அறைக்குள் வந்து, கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்து, "பாயின்ட் தொண்ணூத்தாறு" என்றார். அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் கை தட்டினார்கள். பூங்குழலியும் தட்டினாள். எதற்காகத் தட்டுகிறோம் என்பது நடுவில் உறைத்ததும், இரண்டு கைகளையும் வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள்.

மைசூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவு அது. பூங்குழலி முதுநிலை இரண்டாம் ஆண்டு, உமேஷ் மூன்றாம் ஆண்டு. ஆய்வு உமேஷுடையது. கிராம முகாம்களில் செவிலியர்களே செய்துவிடக்கூடிய எளிய ஈறு அளவு முறை ஒன்றை நம்பலாமா கூடாதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் விஷயம். கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வரை நல்ல ஈறு. நான்கு, ஐந்து என்றால் சுத்தம் செய்தால் போதும். அதைத் தாண்டினால் ஈறுக்குள் புகுந்து வைத்தியம் பார்த்தாக வேண்டும். விட்டால் பல் ஆடத் தொடங்கிவிடும்.

ஆளுக்கு ஆறு பற்கள், பல்லுக்கு ஓர் எண். ஒரே வாயை முதலில் உமேஷ் அளப்பான். அரை மணி கழித்து, பக்கத்து அறையில் பூங்குழலி அளப்பாள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது. அறுபது பேரை இப்படி அளந்து, இரண்டு பேர் எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட வேண்டும். ஒன்றுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நம்பகம்.

"ரெண்டு பேர் அளந்த மாதிரியே இல்ல, ஒரே கை அளந்த மாதிரி இருக்கு" என்று மனிஷா கன்னடத்தில் பாராட்டினார்.

"அடுத்த மாசம் நிச்சயமாகி ஒரே கையா ஆகப்போறவங்கதானே மேடம், இப்பவே ஒத்திகை பாக்கறாங்க" என்றாள் குறிப்பெழுதும் பயிற்சி மாணவி தீபா. எல்லோரும் சிரித்தார்கள். உமேஷின் காதுகள் சிவந்தன. அவன் பூங்குழலியைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையைத் தாங்க முடியாமல் அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் தொண்ணூற்றாறில் அவள் கை அளந்தது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

ஆறு மாதத்துக்கு முன் பயிற்சி அளவீட்டில் அவளும் உமேஷும் சேர்ந்து எடுத்தது பாயின்ட் ஐம்பத்தெட்டு. "உன் கை கனமா இருக்கு. எண்பது வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார் மனிஷா. உமேஷ்தான் அவளுக்காக வாதாடினான். "அவளே இருக்கட்டும் மேடம், ரெண்டு வாரத்துல சரியாயிடும். நான் பொறுப்பு." அந்த 'நான் பொறுப்பு' அவளுக்குத் தேனாகவும் இருந்தது, தொண்டையில் சிக்கிய முள்ளாகவும் இருந்தது. அனூர் பக்கம் மஞ்சள் காட்டில் நின்றுகொண்டு "எம்புள்ள டாக்டருக்குப் படிக்கறா" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லும் அப்பா கரியப்பனுக்கு அவள் இதுவரை தோல்வி என்று எதையும் கொண்டுபோய்க் காட்டியதில்லை. உமேஷ் முன்னால் மட்டும் எப்படிக் காட்டுவாள்?

இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு ப்ளைவுட் தடுப்பு. மேலே ஓரடி திறந்திருக்கும். உமேஷ் எண்களைச் சொல்லச் சொல்ல தீபா எழுதுவாள். உமேஷுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவன் அப்பாவுக்குக் காது மந்தம். அந்த வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் தெருவுக்குக் கேட்கும்படிதான் கேட்பார்கள். "மூணு. நாலு. மூணு. அஞ்சு…" தடுப்புக்கு மேலே அந்தக் குரல் மிதந்து வரும். அவளுக்குப் பிடித்த குரல். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

முதல் நாலைந்து பேருக்கு அவள் நிஜமாகவே அளந்தாள். ஆனால் 'நாலு' என்று கேட்டுவிட்ட பல்லில் கம்பி நான்கில் வந்து நிற்பது போலவே விரலுக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் இறங்குமோ என்று தோன்றினாலும், என் கைதானே கனம் என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு அளந்துவிட்டு, கேட்ட எண்ணோடு சரிபார்த்துத் திருத்தினாள். பிறகு கேட்ட எண்ணை எழுதிவிட்டு அளந்தாள். கூட்டம் அதிகமான நாட்களில் எழுதிவிட்டு அளக்கவும் இல்லை. ஆறே ஆறு எண்கள். ஒரு மொபைல் நம்பரைவிடக் குறைவு. எழுத அவளுக்கென்று ஆள் கிடையாது என்பதால் பார்க்கவும் யாருமில்லை.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருந்தாள்.

அன்று மாலை உமேஷ் அவளைத் தேடிக்கொண்டு விடுதி வாசலுக்கே வந்துவிட்டான். ஸ்கூட்டரை நிறுத்தாமலே, வழக்கமான கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தான்.

"குழலி, ஒரு பேஜாராயிடுச்சு கணே. நாலு வாரம் முன்னாடி அந்த வியாழக்கிழமை ஞாபகம் இருக்கா, ஒரே நாள்ல எட்டுப் பேர் வந்தாங்களே. அன்னைக்கு என் ரூமுக்கு வந்த கம்பிக் கட்டு நம்முது இல்ல. வேற டிபார்ட்மென்ட் கட்டு மாறி வந்திருக்கு. ஸ்டெரிலைஸ் பண்ற சிஸ்டர் இன்னைக்குத்தான் ரிஜிஸ்டரைப் பாத்துச் சொன்னாங்க."

"மாறினா என்னங்க? எல்லாம் கம்பிதானே."

"அந்தக் கம்பியில நாலுக்கும் ஆறுக்கும் கோடே கிடையாது. மூணுக்கு அப்புறம் நேரா அஞ்சு, அதுக்கப்புறம் ஏழு. நான் பாட்டுக்குக் கோட்டை எண்ணி எண்ணிச் சொல்லியிருக்கேன். அஞ்சை நாலுன்னு, ஏழை அஞ்சுன்னு. சும்னே கண்ணை மூடிட்டு."

பூங்குழலி வாசல் படியிலிருந்து இறங்கி அவன் அருகில் வந்தாள்.

"அப்ப அவங்க எட்டுப் பேரும்…"

"அதுக்குத்தான் ஓடி வந்தேன். உன் ரூமுக்கு வந்த கட்டு சரியான கட்டுதான், விசாரிச்சுட்டேன். அந்த எட்டுப் பேருக்கு உன் நம்பரைத்தான் சரின்னு வெச்சுக்கணும். திங்கக்கிழமை மேடம்கிட்ட நானே சொல்லிடறேன், என் தப்பு, குழலி நம்பரைப் பாத்துத் திருத்திக்கறேன்னு." அவன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணுதான் புரியல. அவ்வளவு தப்பு பண்ணியும் பாயின்ட் தொண்ணூத்தாறு எப்படி வந்துச்சு? அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் மூணுக்குள்ளேயே இருந்திருக்கும், இல்லையா? மூணு வரைக்கும் ரெண்டு கம்பியும் ஒண்ணுதானே."

அவள் செய்ததற்குக்கூட அவனே ஒரு நல்ல காரணம் தேடிக் கொடுத்துவிட்டான். "இருக்குமுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக இரவெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மூன்றுக்குள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமைத் தாள்களில் நான்கும் ஐந்தும் வரிசையாக இருந்தன, இரண்டு பேர் தாள்களிலும் ஒன்றுபோலவே. அவன் கம்பி பொய் சொன்ன இடத்திலெல்லாம் அவளுடைய சரியான கம்பியும் அதே பொய்யைச் சொல்லியிருந்தது. காப்பி அடித்த பிள்ளை, முன்னால் இருந்தவன் செய்த எழுத்துப் பிழையையும் சேர்த்து எழுதிவிட்டு மாட்டிக்கொள்ளுமே, அந்தக் கதைதான். திங்கட்கிழமை உமேஷ் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் முழுப் பூசணிக்காயும் சோற்றுக்கு வெளியே வந்துவிடும். ஆய்வை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம். ஆய்வு விழுந்தால் அவனுக்கு ஆறு மாதம் வீண். அவனுக்கு அவளைத் தெரிந்துவிட்டால் என்ன வீணாகும் என்பதை அவள் நினைக்கவே துணியவில்லை.

சனிக்கிழமை காலை அவள் எட்டுத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அதிக ஐந்துகள் இருந்தது சித்தையன் தாளில். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் அனூருக்குப் பக்கம். போன் செய்து, "இன்னொரு தடவை பாக்கணுங்க, இன்னிக்கு வர முடியுங்களா" என்றாள். பஸ் ஏறி, மனைவி வடிவையும் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்கெல்லாம் வந்து நின்றார். அறையில் வேறு யாருமில்லை. பக்கத்து அறையும் காலி.

அவள் அளந்தாள். யாருடைய குரலும் இல்லாமல், தன் விரல்களை மட்டும் கேட்டு. மேல் கடைவாய்ப் பல், ஐந்து. கீழ் இடது கடைவாய்ப் பல்லில் கம்பி இறங்கியது, நிற்காமல் இறங்கியது. ஏழு. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். ஏழு. கம்பியோடு ரத்தம் வந்தது. கை கனமாக இல்லை. நல்ல கைதான் அது. ஆறு மாதமாக அதை நம்பாமல் இருந்தவள் அவள் மட்டும்தான்.

மேசை இழுப்பறையில் எழுதாத படிவங்கள் இருந்தன. ஒன்றை எடுத்தாள். சித்தையன் பெயரை எழுதி, அந்த வியாழக்கிழமைத் தேதியைப் போட்டு, கீழ் இடது கடைவாய்க்கு நேரே ஏழு என்று எழுதினாள். மற்ற ஏழு பேரையும் நாளைக்குள் வரவழைத்துவிட்டால், திங்கட்கிழமை உமேஷ் பார்க்கும்போது அவள் எண்கள் சரியாக இருக்கும். அவன் சொன்னபடியே அவனைத் திருத்தும். அவன் இன்னும் அதிகமாகப் பெருமைப்படுவான்.

"அன்னிக்கி இப்பிடி வலிக்கலீங்களே டாக்டரம்மா" என்றார் சித்தையன், வாயைக் கொப்பளித்துவிட்டு.

"அன்னிக்கி எங்க வலிக்கும்?" என்றாள் வடிவு. "கம்பிய வாய்கிட்டக் காட்டிப்போட்டு எடுத்துட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க." பிறகு பூங்குழலியிடம் திரும்பி, "இவரு வந்து சொன்னாருங்க. மொத ரூம்புல அந்தத் தம்பி நல்லாக் குத்திப்போட்டாரு, ரெண்டாவது ரூம்புல நம்மூருப் புள்ள ஒண்ணு இருந்துச்சு, மறுக்கா குத்தறதுக்கு மனசு வராம எரக்கப்பட்டு சும்மா வுட்டுருச்சுன்னு. எங்க லைன் வீட்டுல இருக்கற அல்லாருகிட்டயும் நாஞ் சொல்லிட்டனுங்க. பல்லுன்னா அந்தப் புள்ளகிட்டப் போங்க, மனசு அப்பிடின்னு."

பூங்குழலி கையிலிருந்த பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

இல்லைங்க, அது இரக்கம் இல்லை என்று சொல்ல அந்த நொடியில் அவளுக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. "அடுத்த வாரம் வாங்க, கொஞ்சம் ஆழமா சுத்தம் பண்ணணும்" என்று மட்டும் சொன்னாள். வடிவு கட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் அவரைக்காயை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஊர்ல இருந்து வந்துச்சுங்க. வேண்டான்னு சொல்லாதீங்க சாமி."

அவர்கள் போன பிறகு, தேதி மாற்றி எழுதிய தாளை அவள் நாலாகக் கிழித்தாள். கிழித்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வடிவு அதைச் சொல்லாமல் போயிருந்தால் கிழித்திருப்பாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் அக்ரஹாரத்தில் உமேஷ் வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர் நின்றிருந்தது. உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. உமேஷின் அப்பா சேகரன், ஒரு காதில் கருவியும் மடியில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா மருமகளே" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி வரவேற்றார். உமேஷின் அம்மா அவரைக்காய்ப் பொட்டலத்தை வாங்கி, அங்கேயே முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்துவிட்டாள். "எவ்வளவு பிஞ்சா இருக்கு பாரு. யார் குடுத்தா?"

"ஒரு பேஷண்ட்டுங்க அத்தை."

"பேஷண்ட் பிரியமா குடுக்கறாங்கன்னா நல்ல டாக்டர்னு அர்த்தம்" என்றாள் அம்மா. பூங்குழலிக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

உமேஷ் உள்ளறையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தான். வாசற்படியில் நின்றபடியே அவள் சொன்னாள். "அந்த வியாழக்கிழமை நம்பர் என்னோடது இல்லைங்க."

"என்னது? டி.வி. சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

ஒரு தடவை சொல்வதற்கே இரண்டு நாள் ஆகியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் குரலை உயர்த்தியபோது, சரியாக அந்த நேரம் பார்த்து சேகரன் டி.வி.யை நிறுத்தினார்.

"நான் அளக்கலீங்க. தடுப்புக்கு மேல நீங்க சொன்னது கேட்டுச்சு. அதைத்தான் எழுதினேன்."

வீடு முழுவதும் அது பித்தளைப் பாத்திரம் விழுந்த மாதிரி உருண்டது. முறத்தில் அம்மாவின் கை நின்றது.

உமேஷ் அவளைப் பார்த்துச் சிரிக்கப் போனான். வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வியாழக்கிழமைத் தாள்களை எடுத்து, தன்னுடையதையும் அவளுடையதையும் ஜோடி ஜோடியாகக் கட்டில்மேல் வைத்தான். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனான். நாலு, நாலு. அஞ்சு, அஞ்சு. அவன் கண்டுபிடிக்கும் இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு விரல் வரும்வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது.

"உன் கம்பியில ஆறும் இருந்துச்சு, ஏழும் இருந்துச்சு" என்றான் கடைசியில். "எட்டுப் பேர்ல ஒருத்தருக்குக்கூட அஞ்சைத் தாண்டல. என் தப்பையும் சேத்தில்ல எழுதியிருக்க."

"ஆமாங்க."

"அன்னைக்கு மட்டுமா?"

"இல்லீங்க. மொதல்ல கொஞ்சம் பேருக்கு அளந்தேன். அதுலகூட எது என்னோடது, எது உங்களோடதுன்னு இப்ப எனக்கே பிரிக்கத் தெரியல."

அவளே தொடர்ந்தாள். "சித்தையன்னு ஒருத்தருக்கு ஏழு இருக்குங்க. நேத்து அளந்தேன். சுத்தம் பண்ணினாப் போதும்னு அனுப்பியிருக்கோம்." சொல்ல ஆரம்பித்தபின் எதையும் விட்டுவைக்கப் பயமாக இருந்தது.

"என்னடா ஆச்சு? யாருக்கு என்ன?" என்றார் சேகரன் கூடத்திலிருந்து. அம்மா அவர் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி விளக்கினாள். "அளக்காமயே நம்பர் எழுதிட்டாளாம், பையன் சொன்னதைக் கேட்டுட்டு!"

சேகரன் யோசித்தார். அப்புறம், யாரும் எதிர்பாராமல், லேசாகச் சிரித்தார். "மில்லுல வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுப்பாங்க. கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, பீப் சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும்பாங்க. எனக்கு எங்க கேக்குது? கண்ணாடிக்கு அந்தாண்ட மெஷின்கிட்ட உக்காந்திருக்கறவர் கை அசையறது தெரியும். கை அசைஞ்சா அழுத்துவேன். அஞ்சு வருஷம் முதல் தரமான காதுன்னு எழுதிக் குடுத்தாங்க."

"பெருமையைப் பாரு" என்றாள் அம்மா.

"வேலை போயிடும்னு பயம்டி."

"பயந்து என்ன ஆச்சு? மில்லு சத்தத்துல இருந்த காதும் போச்சு. உங்க காது, நீங்க கெடுத்துக்கிட்டீங்க, விடுங்க." அம்மா சொன்னது கணவனுக்குத்தான். முறத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தன் காதைத் தானே கெடுத்துக்கொண்டவருக்கும், அடுத்தவர் பல்லை விட்டுவிட்டவளுக்கும் உள்ள தூரம் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. சேகரனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

உமேஷ் அவளோடு படியிறங்கி வந்தான். ஸ்கூட்டரை எடுக்கவில்லை.

"நீ சொல்லலேன்னா நாளைக்கு நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"தெரியுங்க."

"அதுக்காகத்தான் வந்து சொன்னியா?"

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். "பாதி அதுக்காகத்தானுங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "மேடம்கிட்ட நான், உனக்காக நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன் குழலி" என்றான். முதல் முறையாக அவன் குரல் இரண்டடி தூரத்துக்கு மேல் போகவில்லை. திரும்பிப் படியேறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை டாக்டர் மனிஷா முன்னால் அவள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். மனிஷா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அழுதிருக்கலாம்.

"எத்தனை பேர்?" என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார்.

"அறுபதுன்னே வெச்சுக்கணும் மேடம்."

"உமேஷ் வந்து என்ன சொன்னான் தெரியுமா? கம்பியைப் பாக்காம எண்ணினது தன் தப்பு, சத்தமா சொன்னதும் தன் தப்பாம்." மனிஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தமா சொல்றது தப்பில்ல. ரெண்டு ரூமையும் பக்கத்துல வெச்சது என் தப்பு. மத்தது யாரோடதுன்னு உனக்குத் தெரியும்."

எல்லாத் தாள்களும் ஒதுக்கப்பட்டன. நடந்ததை எழுதி கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போனது. ஆய்வு ஒப்படைப்பு ஆறு மாதம் தள்ளிப்போனது. இரண்டாவது அளவையாளராக வேறொருவர் வந்தார்; அவர் அறை தாழ்வாரத்தின் மறுகோடியில். அறுபது பேரையும் திரும்ப வரவழைக்க வேண்டும். அந்த வேலை பூங்குழலிக்கு. அதற்கு மனிஷா ஒரு நிபந்தனை போட்டார். "மெஷின் கோளாறு, கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லக்கூடாது. எதுக்குக் கூப்பிடறோம்னு அவங்ககிட்ட நீயே சொல்லணும்."

வீட்டுக்கும் அவளேதான் சொல்லியாக வேண்டியிருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்பங்கிட்ட நாஞ் சொல்ல மாட்டன் கண்ணு" என்றாள் கடைசியில். "நீயே சொல்லிக்க." சொன்னாள். கரியப்பன், "செரி" என்றார். மஞ்சள் எப்படி இருக்கிறது என்று அவளாகக் கேட்டாள். "இருக்குது" என்று போனை வைத்துவிட்டார்.

வைத்தியம் அவசரம் என்பதால் முதலில் வந்தது சித்தையன்தான். வடிவும் கூட வந்திருந்தாள். தாழ்வாரத்து பெஞ்சில் அவர்கள் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பூங்குழலி சொன்னாள்.

"அன்னிக்கி நான் உங்களை அளக்கவே இல்லீங்க. எரக்கப்பட்டு இல்ல. பக்கத்து ரூம்ல சொன்ன நம்பரைக் கேட்டு எழுதிட்டேன். என் நம்பர் தப்பா வந்தா என்னை எடுத்துடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. அதனாலதான் உங்க பல்லு ஆழத்தை யாரும் கவனிக்கல."

சித்தையன் புரியாமல் மனைவியைப் பார்த்தார். வடிவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. பூங்குழலியின் முகத்தில் எதையோ தேடுவது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சனிக்கிழமை நாஞ் சொல்றப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"காயையும் வாங்கிக்கிட்டீங்க."

"ஆமாங்க."

வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "எந்த ரூம்புங்க போவோணும்?" என்றாள். இதுவரை இல்லாத ஒரு மரியாதை அதில் இருந்தது, அறிமுகமில்லாதவர்களிடம் காட்டும் மரியாதை. அறையைக் காட்டியதும் கணவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில், "பக்கத்து வீட்டம்மாகிட்ட என்னன்னு சொல்றது நானு, அவுங்களையும் இங்க வரச் சொல்லியிருக்கறனே" என்று முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

பூங்குழலி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்தவர் வந்தார், அவரிடமும் சொன்னாள். சிலர் சிரித்துவிட்டு, பரவாயில்லை என்றார்கள். ஒருவர் ஒரு நாள் கூலி போனதைக் கேட்டுச் சண்டை போட்டார். கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் கன்னடத்தில், "டாக்டருங்ககூட இப்படிச் செய்வாங்களா" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். பரவாயில்லை என்றவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டாவது வாரம், ஒரு மதியம், கைகளைத் துடைத்துக்கொண்டே உமேஷ் தாழ்வாரத்தில் வந்தான். இத்தனை நாளில் வேலை விஷயம் தவிர அவன் அவளோடு பேசவில்லை. பெஞ்சில் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தான்.

"இன்னும் எத்தனை பேர்?"

"நாப்பத்தொண்ணுங்க. பதினாலு பேருக்கு இன்னும் போனே போகல."

"சாப்டியா?"

"இல்லீங்க."

சாப்பிட வா என்று அவன் கூப்பிடவில்லை. பெஞ்சின் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை நிச்சயம் பேச உங்க ஊருக்குப் போயிட்டு வரலாமான்னு அப்பா கேக்கறார்."

அவள் நிமிரவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றான். "சொல்லத் தெரியல, குழலி. கோபம் போகல. போயிடுச்சுன்னு சொன்னா அது நான் அளக்காம சொல்ற நம்பராயிடும்."

"வேண்டாங்க. அப்படிச் சொல்ல வேண்டாம்."

அவன் எழுந்து போனான். நாலடி போய், திரும்பி வந்து, கையிலிருந்த டிபன் டப்பாவைப் பெஞ்சில் வைத்தான். "அம்மா குடுத்தது" என்று சொல்லிவிட்டு, அவள் நிமிர்வதற்குள் போய்விட்டான்.

டப்பாவை அவள் உடனே திறக்கவில்லை. பட்டியலில் அடுத்த பெயர் பழனிமுத்து, கட்டிட வேலை. எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தவர் பின்னால் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பல் ஆஸ்பத்திரியில இருந்து பேசறனுங்க. உங்களை மறுபடி ஒருக்கா அளக்கணும்."

"அதான் அன்னிக்கே ரெண்டு பேர் அளந்தாங்களே. யாருங்க பேசறது?"

"பூங்குழலிங்க" என்றாள் அவள், இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி. "அந்த ரெண்டு பேர்ல அளக்காம எழுதினது நான்தானுங்க."